வெளியே பூட்டிய அறை

மேனேஜர் பின்னாலிருந்து கூப்பிடுவார் என்று நினைத்து மெதுவாகத்தான் நடந்தேன். கூப்பிடவில்லை. லாட்ஜ் வாசலைத் தாண்டி, வரிசையாக நின்ற பைக்குகளைத் தாண்டி, திருப்பூர் ரயில் நிலையத்துச் சாலைக்கே திரும்பி வந்துவிட்டேன். அன்று மதியத்திலிருந்து நான் ஏறி இறங்கிய லாட்ஜுகளில் அதுதான் கடைசி.

"தனி ஆளுக்கு ரூம் இல்லீங்க" என்றார் அவர். போனில் காலி என்று காட்டுகிறதே என்று நீட்டிக் காட்டினேன். "போன்ல காட்டறது போனுக்குங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, என் பையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஏசி டீலக்ஸ் வேணும்னா இருக்குதுங்க" என்றார். அந்த வாடகை வெளிநாட்டிலிருந்து பனியன் வாங்க வருகிறவர்களுக்கு வைத்தது.

தனியாக வருகிறவன் அறைக்குள் போய்த் தூக்குப் போட்டுக்கொள்வான் என்று லாட்ஜ்காரர்களுக்கு எல்லா ஊரிலும் பயம் உண்டு. ஏசி அறையில் மட்டும் அவன் சாகமாட்டான் போலிருக்கிறது.

வெளிநாட்டுக்குப் போய் வந்தவர்கள், அங்கே அறை வாடகை கொள்ளை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதற்குப் பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. கொச்சி, ஊட்டி, பெங்களூர் எல்லாமே எனக்கு விலை அதிகமான நாடுகள்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டது பெரும்பாலும் மலிவான அறைகளைப் பற்றித்தான். விளக்கைப் போடாமல் காட்டுகிற அறையை எடுக்கக் கூடாது. தலையணையை மோந்து பார்க்க வேண்டும். குளியலறையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நின்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் தாழ்ப்பாள். உள்ளிருந்து போட முடிகிறதா, போட்டால் நிற்கிறதா. "உங்களுக்காகக் கொறச்சுத் தர்றேன்" என்கிற ஆளிடம் அறையே எடுக்கக் கூடாது.

எனக்கு அன்று தேவைப்பட்டது ஒரே ஒரு ராத்திரி. கேரளாவிலிருந்து ரயிலில் வந்து இறங்கியிருந்தேன். கணியூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் தேங்காய் உரிக்கிற வேலைக்கு மறுநாள் வரச் சொல்லியிருந்தார்கள். அங்கே முந்தின நாளே போய் நின்றால் படுக்க இடம் கிடையாது. ரயிலிலும் பஸ் நிலையங்களிலும் உட்கார்ந்தபடியே தூங்கித் தூங்கி, கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டது போல இருந்தது. நீட்டிப் படுக்க ஒரு இடம், காலையில் யாரும் தடுக்காமல் எழுந்து போகிற வழி. இந்த இரண்டும்தான் நான் கேட்டது.

மலிவான படுக்கை வேண்டுமென்றால் வேலைக்குப் போகிறவர்கள் எங்கே இறங்குகிறார்களோ அங்கே இறங்க வேண்டும். டவுன் பஸ்ஸில் ஏறினேன். நெருப்பெரிச்சலில் பாதி பஸ் காலியாயிற்று. நானும் இறங்கினேன்.

ரோட்டோரத்தில் கழிவுத் துணி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. எந்தச் சந்துக்குள் திரும்பினாலும் நிட்டிங் மிஷின் சத்தம் கூடவே வந்தது. இரண்டு பேர் இந்தியில் போன் பேசிக்கொண்டு போனார்கள். அந்தச் சந்தின் முனையில் ஒரு சின்ன மளிகைக் கடை. கடைக்குள் ஐம்பது வயது சொல்லத்தக்க ஒரு அம்மா, பீடிக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க தம்பி, ரூமுங்களா?"

நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. "எப்படிக்கா தெரியும்?" என்றேன்.

"முதுகுல பையத் தொங்க உட்டுட்டு அண்ணாந்து பாத்துட்டு வர்றவங்க வேற எதுக்குங்க வருவாங்க? வாங்க, ஊட்டுக்குப் பொறத்தாண்ட லைன் ரூமு இருக்குதுங்க. ஒரு இடம் காலிங்க."

இந்த ஊர்க்காரர்களின் மரியாதை எனக்குப் பழக்கமில்லை. நான் தெற்கே வளர்ந்தவன். எங்கள் பக்கம் ஒருவன் இத்தனை 'ங்க' போட்டுப் பேசினால் ஒன்று அவன் கடன் கேட்கிறான், அல்லது விற்கிறான். அவர் சொன்ன வாடகை, ஸ்டேஷன் எதிரே ஒரு சாப்பாட்டுக்குக் கேட்டதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டேன்.

"ஒரு ராத்திரிக்கு என்னத்துக்குங்க அட்வான்ஸு?"

அட்வான்ஸ் கேட்காத வீட்டுக்காரரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்படியானால் வேறு எதையோ கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். கேட்டார்.

"ஆதார் கார்டு மட்டும் குடுத்துருங்க. காத்தால வாங்கிக்கலாம்."

"ஜெராக்ஸ் இருக்கு, தாறேன்."

"ஜெராக்ஸ வெச்சு நான் என்ன பண்றதுங்க? இப்படித்தான் ஒருத்தரு ஜெராக்ஸ் குடுத்துட்டு, காத்தால ஃபேனக் கழட்டிட்டுப் போயிட்டாருங்க. ஜெராக்ஸு அப்படியே சிரிச்சுட்டு இருக்குது."

என் அட்டையை ஒருமுறை பறிகொடுத்தவன் நான். மலையில் ஒரு எஸ்டேட்டில், சேர்ந்த அன்று பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கிப் பீரோவில் வைத்தவர், மழைக்காலம் முடிகிறவரை திருப்பித் தரவில்லை. அட்டை இல்லாதவனுக்கு சிம் இல்லை, அறை இல்லை, அடுத்த வேலை இல்லை. வேலியே வேண்டாம், நாமே அங்கேயே நிற்போம். அதற்குப் பிறகு யாரிடமும் அசலைக் கொடுப்பதில்லை என்று வைத்திருந்தேன். ஆனால் அன்று நின்றுகொண்டே கண் மூடியது. கொடுத்துவிட்டேன். அவர் அதை மிட்டாய் வைக்கிற கண்ணாடி பாட்டிலுக்குள் போட்டு மூடினார். உள்ளே வேறு அட்டைகளும் கிடந்தன. அது எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறைகள் ஒரே வரிசையில் நின்றன. அநேகமாக எல்லாக் கதவிலும் வெளியே பூட்டு தொங்கியது. ஆட்கள் வேலைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். என்னுடைய அறைக்கு முன்னால் போய் நின்றபோது உள்ளே யாரோ குறட்டை விட்டார்கள்.

"பூட்டியிருக்கு" என்றேன். "உள்ள ஆள் இருக்கு."

"ஆமாங்க. தூங்கறாரு" என்றார் அந்த அம்மா.

அதுவே போதுமான பதில் என்பது போல, இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்துவிட்டு, கடையில் ஆள் இல்லை என்று போய்விட்டார். நான் அப்போதே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் அட்டை பாட்டிலில் இருந்தது.

உள்ளே ஒரு பாய், ஒரு கேஸ் அடுப்பு, சுவரில் மாதா படம். பாயில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும். அவர் பேச்சு என்னுடையதைவிடவும் தெற்கு.

"வாங்க தம்பி. புது ஆளா? நமக்கு சாத்தான்குளம் பக்கம். நீங்க எங்க?"

"மதுரை" என்றேன். மதுரை இல்லை. கேட்டவுடன் உண்மையான ஊரைச் சொல்கிற பழக்கம் எனக்கில்லை.

"ஒண்ணும் யோசிக்காதிய. நமக்கு நைட் ஷிப்ட், நிட்டிங் மிஷின் ஓட்டுதேன். பகல்ல பாய் எனக்கு, ராத்திரி உங்களுக்கு. மனுசனுக்கு லீவு உண்டு, இந்தப் பாய்க்குக் கெடையாது."

அவர் குளித்துவிட்டு வந்து, காலை இட்லி மீந்ததை உதிர்த்துத் தாளித்து, பாதியை என் பக்கம் தள்ளினார். ஒரு அறையில் முன்பின் தெரியாதவன் சாப்பாடு கொடுத்தால் அவன் முதலில் சாப்பிடுகிறானா என்று பார்ப்பேன். சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். கதவை ஒட்டி ஒரு ஜன்னல் இருந்தது. கம்பிகளுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அதில் ஏதோ கயிறு தொங்கியது. அதன் மேலேயே என் சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

"கண்ணு ரெண்டும் செவந்துல்லா கெடக்கு" என்றார் அவர், தலை வாரிக்கொண்டே. "தூங்கி எவ்வளவு நாளாச்சு?"

"தூங்கணும்ணே. யாரும் வந்து எழுப்பாம இருந்தாப் போதும்."

"அத நான் பாத்துக்கிடுதேன்."

பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். பாயில் அவர் உடம்புச் சூடு இன்னும் இருந்தது. அவர் செருப்பை மாட்டுவதற்குள் தூங்கிப்போயிருப்பேன்.

விழித்தபோது பக்கத்து அறையில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் அழுதாள், ஒரு பெண் சவால் விட்டாள். அதிக நேரம் ஆகியிருக்காது. ஒண்ணுக்குப் போக வேண்டும் போலிருந்தது. கக்கூஸ் வெளியே, வரிசையின் கோடியில். தாழ்ப்பாளைத் தேடினேன். அது போடப்படாமலே இருந்தது. கதவை இழுத்தேன். வரவில்லை. மறுபடியும் இழுத்தபோது வெளியே இரும்பு இரும்போடு இடித்தது.

பூட்டு.

சத்தம் போட வேண்டும் என்று தோன்றவில்லை. கூப்பிட்டால் வரப்போவது பூட்டியவர்தானே. இருட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்தேன். கேட்பதற்கு முன்பே 'ரூமுங்களா' என்றது. அட்வான்ஸ் வேண்டாம் என்றது. பாட்டிலில் கிடந்த மற்ற அட்டைகள். வரிசையாக வெளியே பூட்டிய கதவுகள், உள்ளே தூங்குகிற ஆட்கள். அந்த அண்ணன் பாதி சாப்பாட்டைத் தள்ளியது, அத நான் பாத்துக்கிடுதேன் என்று சொன்னது. அத்தனையும் ஒன்றோடொன்று பொருந்தியது. எஸ்டேட்டில்கூட அட்டையை மட்டும்தான் வைத்துக்கொண்டார்கள், ஆளை வைத்துப் பூட்டவில்லை.

கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. அப்படியானால் கீல் உள்ளே இருக்கும். போன் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒட்டுப்பலகைக் கதவு, மழைத்தண்ணீரில் ஊறி அடிப்பக்கம் உப்பியிருந்தது. அடுப்புப் பக்கம் தோசைக் கரண்டி கிடந்தது. அதன் காம்பு தட்டையாக இருந்தது. திருகாணிகளில் பலவும் விரலாலேயே கழன்றுவிடும் நிலையில் இருந்தன. கீழ்க் கீல், மேல் கீல். கடைசி ஆணி வந்ததும் கதவு என் மேல் சாய்ந்தது. நிலையில் அடித்திருந்த கொக்கியும் பெயர்ந்து வர, பூட்டோடு சேர்த்து ஒரு பக்கமாகத் திருப்பிச் சுவரில் சாத்திவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கழற்றிய திருகாணிகளைக் கையில் வைத்திருந்தேன். கால் இடறி, அவை வாசல் சாக்கடைக்குள் போயின. நான் குனிந்து தேடவில்லை.

முதலில் கக்கூஸுக்குப் போனேன். பிறகு அட்டையைக் கேட்கக் கடைக்குப் போனேன். ஷட்டர் இறக்கியிருந்தது. வீடும் இருட்டாக இருந்தது. தட்டினேன். யாரும் இல்லை.

ஓடியிருக்கலாம். சந்து திறந்துதான் கிடந்தது. ஆனால் அட்டையை விட்டுவிட்டு எங்கே ஓடுவது? கதவில்லாத அந்த வாசலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சந்தில் போனவர்கள் கதவைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்காமல் போனார்கள். படுக்கை வாடகைக்கு எடுத்தும் உட்கார்ந்தே தூங்கினேன்.

வெளிச்சம் வந்தபோது அந்த அம்மா வாளியோடு எதிரே நின்றார். தலையில் நேற்றைய மல்லிகைப்பூ, கட்டியிருந்தது பட்டுச்சேலை.

"அட சாமி! கதவு எங்கீங்க தம்பி?"

"என் அட்டையக் குடுங்க."

"அட்டை எங்கீங்க போயிரப் போவுது? கதவுக்கு என்னாச்சுங்க?"

"பூட்டி வச்சா உடைக்காம என்னக்கா செய்வாங்க? ராத்திரி எங்க போனீங்க?"

"எங்க நங்கையா ஊட்டுல, அண்ணி ஊட்டுலதானுங்க, சீருங்க. விருந்து முடிஞ்சு இப்பத்தான் வர்றேன். யாருங்க உங்களப் பூட்டி வெச்சது? சாவி உள்ளதானுங்களே இருக்குது?"

வாளியை வைத்துவிட்டு உள்ளே போய், ஆணியிலிருந்து என் சட்டையைத் தூக்கினார். அடியில் கயிற்றில் ஒரு சாவி தொங்கியது. அதை எடுத்து, ஜன்னல் கம்பி வழியாகக் கையை வெளியே விட்டு, பூட்டு இருந்திருக்க வேண்டிய இடத்தில் காற்றைத் திறந்து காட்டினார்.

"இப்படித் தொறந்துட்டு வர்றதுங்க. எல்லா ரூமுலயும் இப்படித்தான். உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?"

யாரும் சொல்லவில்லை. யாரிடமும் நான் கேட்கவும் இல்லை. அவர் கடையைத் திறந்து பாட்டிலிலிருந்து அட்டையை எடுத்து முந்தானையில் துடைத்துக் கொடுத்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன்.

"மாத்தியா குடுத்திருக்கறேன்?" என்றார். முதல் தடவையாக 'ங்க' இல்லை.

அதற்குள் சாத்தான்குளத்து அண்ணன் நைட் ஷிப்ட் முடிந்து வந்தார். புருவத்திலும் மீசையிலும் பஞ்சு படிந்திருந்தது. சுவரில் சாத்தியிருந்த கதவையும், அதில் இன்னமும் பூட்டியே தொங்கிய பூட்டையும் பார்த்தார்.

"ஏ தம்பி, பசிச்சிருந்தா என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா. கதவயா திங்கது?"

"எதுக்குண்ணே என்னய வெளிய பூட்டிட்டுப் போனீங்க?"

"யாரும் எழுப்பக் கூடாதுன்னு நீதானடே சொன்ன?"

வாசலில் உட்கார்ந்து சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். கப்பல் ஏற்ற வேண்டிய சரக்கு அவசரம் என்றால் கம்பெனி வேன் இந்த வரிசைக்கு வரும். பகலானாலும் சரி, சாயங்காலமானாலும் சரி, படுத்திருக்கிறவனை எழுப்பி ஏற்றிக்கொண்டு போகும். வர முடியாது என்று சொன்னால் யாரும் அடிக்கப் போவதில்லை. ஆனால் சொல்ல முடியாது.

"கூப்பிட வாரவரு யாரு? எனக்கு இந்த ஊருல மொத வேலை வாங்கிக் குடுத்தவரு. எம் பொண்ணு சடங்குக்கு வந்து மொய் எழுதுனவரு. மூஞ்சியப் பாத்துட்டு எப்படி முடியாதுங்கது? வெளிய பூட்டு தொங்குச்சுன்னு வையி, ஆள் இல்லன்னு போயிருவாரு. உள்ள கொறட்டை விட்டாலும் போயிருவாரு."

"அவருக்குத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும். பூட்டுன கதவத் தட்டுனா மரியாத இல்லல்லா."

இதை நான் நம்பினேனா என்று கேட்டால், அப்போது முழுதாக நம்பவில்லை. தூங்குவதற்காகத் தன்னைத்தானே பூட்டிக்கொள்கிற ஊரை நான் கேள்விப்பட்டதில்லை. இருந்தாலும் சாவி உள்ளேதான் இருந்தது. அட்டை என் கையில் இருந்தது.

அண்ணன் சாக்கடையை எட்டிப் பார்த்தார். "திருகாணி எல்லாம் அதுக்குள்ளயா?" என்றார். ஆசாரி மதியத்துக்கு மேல்தான் வருவார் என்றார் அந்த அம்மா. அண்ணன் பாயை உதறிப் போட்டு, சுவர் பக்கம் திரும்பிப் படுத்ததுமே குறட்டை விட ஆரம்பித்தார். ராத்திரி முழுக்க நின்ற கால்கள். பாதங்கள் வீங்கியிருந்தன.

சட்டையைப் போட்டுக்கொண்டு பையை மாட்டிக்கொண்டேன். கணியூருக்கு உடுமலை வழியாகப் போக வேண்டும், இப்போதே கிளம்பினால் சரியாக இருக்கும். இரண்டு அடி வைத்திருப்பேன். சந்து முனையில் வேன் ஹாரன் கேட்டது.

வேனிலிருந்து இறங்கியவர் ஐம்பது வயதுக்காரர், வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பூட்டு, பூட்டு, பூட்டு. எந்தப் பூட்டையும் தொடவில்லை, காதை வைத்தும் கேட்கவில்லை. எங்கள் அறைக்கு வந்ததும் நின்றுவிட்டார். பூட்டும் இல்லை, கதவும் இல்லை. உள்ளே முதுகைக் காட்டிப் படுத்திருக்கிற ஆள் பளிச்சென்று தெரிந்தது. அவருக்கே சங்கடமாகிவிட்டது போலிருந்தது. போனைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, உள்ள ஆள் இருக்குதுங்களா?"

அண்ணன் அசையவில்லை. ஆனால் குறட்டை நின்றிருந்தது. அவர் இன்னொரு முறை கேட்டால் அண்ணன் எழுந்து செருப்பை மாட்டிவிடுவார் என்று அந்த முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. வழக்கமாக அண்ணனுக்காக 'ஆள் இல்லை' என்று சொல்கிற கதவைக் கழற்றி வைத்தவன் நான்.

"ஒரு ஆளுதான வேணும்? நான் வாறேன்" என்றேன்.

"தைக்கத் தெரியுங்களா?"

"தெரியாது."

"கைமடிக்க?"

"கை இருக்கு."

"அது போதுங்க. ஏறுங்க."

வேனுக்கு நடக்கும்போது அந்த அம்மா கடையிலிருந்து கேட்டார், "ஏனுங்க, கணியூரு போறேன்னீங்க?" அவரிடம் நான் கணியூரைப் பற்றிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. தூக்கக் கலக்கத்தில் சொல்லியிருப்பேன். "ராத்திரிக்கும் ரூம் வேணும்னா கார்டக் குடுத்துட்டுப் போங்க" என்றார். சாயந்தரம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ஏறினேன். ஜன்னலோரம் உட்காராமல் படியோரம் உட்கார்ந்தேன். வேன் கிளம்பிய பிறகுதான் இன்னொன்று தோன்றியது. மலிவான அறை, நான் கழற்றிய கதவு, சரியான நேரத்துக்கு வந்த வேன். ஒரு ஆளைப் பிடித்து வேலைக்கு ஏற்ற யாராவது திட்டம் போட்டிருந்தால் இதைவிடச் சுத்தமாகப் போட முடியாது. அந்த எண்ணத்தை இன்றைக்கும் நான் முழுதாக விட்டுவிடவில்லை.

கம்பெனியில் ஒரு தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். மிஷினில் இருந்த பெண் தைத்துத் தள்ளுகிற பனியனை வாங்கி, கைப்பகுதியைத் திருப்பி மடித்து அடுத்த மிஷினுக்குக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் கைமடி. முதலில் கொடுத்ததை எல்லாம் அந்தப் பெண் திருப்பி என் மடியில் எறிந்தாள். "அண்ணா, கோணையா மடிச்சீங்கன்னா எனக்குத்தான் திட்டு உழுகும். விரல உள்ள உட்டுத் திருப்புங்க." விரலை உள்ளே விட்டுத் திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவள் எறிவதை நிறுத்தினாள்.

"எங்க தங்கியிருக்கறீங்க?" என்று கேட்டாள், கண்ணை ஊசியிலிருந்து எடுக்காமல்.

எதற்குக் கேட்கிறாள் என்று யோசித்தேன். அதற்குள் அடுத்த பனியன் வந்துவிட்டது.